முகர்ந்து சொல்ல ஆளில்லை

எங்கள் பூங்காவின் கிழக்கு மூலை முழுவதையும் உண்ணிச்செடி வளைத்துப் போட்டிருந்தது. அதைக் களைந்து, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மறுபடி வளர்ப்பதுதான் ஞாயிறுதோறும் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, முதுகுவலி உண்டு. பதிவேடும் மண்வெட்டிகளும் என் பொறுப்பு.

சிக்கல் என்னவென்றால், கன்றாக இருக்கும்போது களை எது, நல்ல செடி எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இலையைக் கசக்கினால் உண்ணியின் நெடி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஜோடி ஜோடியாகத்தான் வேலை. கையுறை போட்டவர் தண்டைப் பிடிப்பார். வெறுங்கைக்காரர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பார். அவர் சொன்ன பிறகுதான் பிடுங்க வேண்டும்.

தையலக்காவுக்கு ஜோடி தச்சர். அக்கா ஒண்டிக்கட்டை, துணிக்கடை மாடியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு நாள் முழுக்க யார் யாருடைய சட்டைக்கோ காஜா எடுப்பவர். தச்சரும் மனைவி போன பிறகு தனியாள். மூன்று வருடத்தில் இருவரும் பேசியதை அள்ளினால் ஒரு கைப்பிடி தேறாது. பிடுங்கலாம் என்பார் அவர். சரி என்பார் அக்கா. இதற்காகவா இரண்டு பேருந்து மாறி வருகிறீர்கள் என்று நான் கிண்டலடித்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன மாதம் ஒரு ஞாயிறு தச்சர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வேறு ஜோடி தருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டு, தானே கையுறையைக் கழற்றி முகர்வதும் மாட்டிக்கொண்டு பிடுங்குவதுமாக இருந்தார். மூன்றாவது ஞாயிறு போய்ப் பார்த்தால், சாக்கில் கிடந்த பதினோரு கன்றும் நல்ல செடி. நாங்கள் விதை போட்டு இரண்டு வருடம் காத்திருந்த பிறகு முளைத்தவை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

அக்கா தலை நிமிரவில்லை. "அவர் வீடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மூணு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருந்தது நீங்கதானே அக்கா?"

"கேக்கணும்னு தோணல. எப்படியும் ஞாயித்துக்கிழமை வந்துடுவார்ல."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. மண்வெட்டிகள் வைக்கும் கொட்டகைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தோம். தச்சரின் தாளில் இருந்த எண்ணுக்கு அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருப்பதாக வந்தது. விலாசம் அவர் பட்டறையுடையது. அதைப் போன வருடமே இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே, அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில், தச்சர் கையெழுத்தில் பென்சிலால் தையலக்கா என்று எழுதியிருந்தது. தொலைபேசி எண்ணுக்கான இடம் காலி.

 அக்கா என்னிடம் பேனா வாங்கி, அந்த இடத்தில் தன் எண்ணை அழுத்தி எழுதினார்.

"இனிமே யாராவது சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லலாம்ல?"

சொல்லலாம் அக்கா என்றேன். தச்சர் எங்கே எந்த நிலையில் இருந்தாலும், அந்தத் தாள் இருப்பது என் கொட்டகையில் மட்டும்தான், அங்கே யார் கையிலும் அது இருக்காது என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?