ஸ்பிரிட் காயும் நேரம்

மைசூரில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எனக்கு ‘ஊதபேட சிஸ்டர்’ என்று பட்டப்பெயர். கன்னடத்தில் ‘ஊதாதே’ என்று நான் ஓயாமல் சொல்வதால் வந்தது. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, அது தானாகக் காயும்வரை பொறுக்காமல் வாயால் ஊதுகிற நர்ஸுப் பெண்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துடைத்தது எதற்கு, வாயிலிருக்கும் கிருமியை அதே இடத்தில் கொட்டுவதற்கா? முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊசி போட்ட இடம் சீழ் பிடித்து, கீறிவிட வேண்டி வந்தவர்களுக்குக் கட்டு மாற்றியவள் நான்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும் அவள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிடும். அப்போது சின்னக் கொப்புளம்கூட ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அணுக்களைக் கூட்டத் தினமும் கையில் ஊசி, போடுவது நான். நோய் என்ன செய்தாலும் செய்யட்டும், என் ஊசியால் அவள் சாகக் கூடாது. என் பயமெல்லாம் அதுதான்.

அம்மாவோ, நான் துடைத்து முடித்ததும் குனிந்து ஊதிவிடுவாள். சுட்ட புண்ணிலிருந்து கொதிக்கும் காபி வரை எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரு வைத்தியம்தான்.

“ஊதாதம்மா! எத்தன தடவ சொல்றது?”

“எரியுது கண்ணு. நீ வேற பாத்துக்கிட்டே நிக்கற.”

மறுபடி புதுப் பஞ்சு, மறுபடி துடைப்பு. ஒருநாள் கத்தியே விட்டேன். அதன்பிறகு, துடைத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கையை எடு என்று நான் சொன்னதில்லை.

ஊசி போட்ட இடம் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. நோய்தான் ஈரலுக்குப் போய்விட்டது. இனி மருந்து ஏற்ற வேண்டாம், வலிக்கு மட்டும் ஊசி போட்டு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, எப்போதும்போலக் காயட்டும் என்று நின்றேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனி ஊதுனா ஒண்ணும் ஆவாதில்ல கண்ணு?”

அவளுக்குக் குனியத் தெம்பில்லை. நானே குனிந்து ஊதினேன்.