எந்த ஊடு?

திருமழிசை பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மாவிடம் கத்தியைக் காட்டிச் சங்கிலி பறித்ததாக என் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷம் போட்டார்கள். சங்கிலி கிடைக்கவே இல்லை. அந்த அம்மா அடையாளம் காட்டினாள், நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கே இருந்தாய் என்றதற்கு அவர், "ஊட்லதான் இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டது. எனக்கு அவர் சொல்லிவிட்டுப் போனதுதானே தெரியும்? "செகண்ட் ஷிப்ட்டு சார்" என்றேன். அவர் லேத் ஓட்டும் கம்பெனியோ, அன்று லீவு என்றது. கோர்ட்டிலும் இதே கதை. புளுகன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்பீலுக்குப் பிடித்த வக்கீல் என்னையும் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். "வீட்ல இருந்தேங்கறீங்க, உங்க வீட்டம்மா இல்லைங்கறாங்களே?" என்று அவரைக் கேட்டார். அவர் தலையைத் தொங்கப் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் பொய்யே சொல்லவில்லை. அவர் சொன்ன ஊடு என் ஊடு இல்லை.

சின்ன ஊடு என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வெறும் ஊடாம்! அந்த 'சின்ன' இல்லாமல் போனதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வக்கீலுக்கோ உற்சாகம். "அந்தம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னா போதுமே."

"அத்த இஸ்துகினு வராதீங்க சார். அது மானம் பூடும். நான் உள்ளயே கீறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

என் மானம் ஐயப்பன்தாங்கல் வரை சந்தி சிரிக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்காக ஒரு நாள் லீவு போடாத மனுஷன், அவளுக்காக மூன்று வருஷம் உள்ளே கிடக்கத் தயார். அவள் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் வந்து கூண்டில் ஏறட்டும், முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நேர்ந்துகொள்ளாத குறை.

வக்கீல் வேறு வழியைப் பிடித்தார். ஜெயிலில் வரிசையாக நிறுத்திய ஆட்களில் இவரை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று முன்பு கோர்ட்டில் கேட்டபோது, அந்தச் சங்கிலிக்காரம்மா வெகுளியாகச் சொல்லியிருந்தாள்: "டேசன்ல காட்னாங்களே சார், அதே ஆளுதான்." முதல் வக்கீல் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆளை முன்கூட்டியே காட்டிவிட்டு அப்புறம் அடையாள அணிவகுப்பு நடத்தினால் அதற்கு என்ன மதிப்பு என்று இந்த வக்கீல் கேட்டார். ஜட்ஜுக்கும் அது சரியாகப் பட்டது. அந்தச் சின்ன ஊட்டுக்காரி வரவே வேண்டியிருக்கவில்லை. கோர்ட் வராந்தாவில் போன வந்த புடவைகளையெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு மிச்சம்.

தீர்ப்பு வந்ததும் வக்கீல் வெளியே வந்து, "விடுதலைம்மா! சந்தேகத்தின் பலனை அவருக்குக் குடுத்துட்டாங்க" என்றார், நான் அழுவேன் என்று எதிர்பார்த்து.

"பலன் அவருக்குச் சரி சார்," என்றேன். "சந்தேகம் என்கிட்டயே கீதே, அத்த எந்தக் கோர்ட்ல குடுக்கறது?"