விலை கூடிய கடைக்குப் போகும் பெக் லான்

எந்தப் புட்டியை எடுத்தாலும் பெக் லான் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத் திருப்பிவிடுவார். மிசஸ் சியாவின் கடையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புட்டியை மூக்குக்கு நேரே பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை உதடு அசைய வாசிப்பார். சட்டைத் தோளில் நாலைந்து குண்டூசிகள் குத்தியபடியே இருக்கும். வேலை செய்யும் இடத்திலிருந்து நேரே வந்திருப்பார். பின்னால் யாராவது தள்ளுவண்டியோடு வந்தால் நகர்ந்து வழிவிடுவார், வாசிப்பை நிறுத்தமாட்டார். போன வாரமும் வாங்கிய பொருளாகத்தான் இருக்கும். “போன வாரம் போட்டது போன வாரம், அங்கிள். இந்த வாரம் கம்பெனிக்காரன் உள்ள என்ன போட்டான்னு யாருக்குத் தெரியும்?” என்பார், கூடப் போகிற என்னிடம்.

பினாங்கில் நாங்கள் ஒரே அடுக்குமாடியில், ஒரே தளத்தில் குடியிருக்கிறோம். சந்தை மாடியில் ஒரு தையல் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் பெக் லானின் பிழைப்பு. கணவர் ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போவார். இந்த வருமானத்துக்கும் மிசஸ் சியா கடைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. டாக்டர் வீட்டு அம்மாக்கள் வாங்கும் கடை அது. தக்காளியைக்கூடத் துணி விரித்து அடுக்கியிருப்பார்கள். பேரங்காடியில் கிடைக்கும் அதே சோயா சாஸ் அங்கே ஒன்றரை மடங்கு விலை.

மகள் ஹுய் மின்னுக்கு வேர்க்கடலை ஆகாது. அரிப்பு, தடிப்போடு போகிற விஷயம் இல்லை. நாலு வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் ஒரு வாய் தின்றாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. வேர்க்கடலை அரைத்த சாத்தே குழம்பும் கடலைப்பொடி தூவிய ரோஜாக்கும் தெருவுக்குத் தெரு மணக்கிற ஊரில் அந்தப் பிள்ளையை ஒன்பது வயதுவரை கொண்டுவந்திருக்கிறார் பெக் லான். கைப்பையில், அவசரத்துக்குத் தொடையில் குத்தும் மருந்து ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். பள்ளியில் ஒன்று. பள்ளி விட்டதும் பிள்ளை போய் இருக்கும் நாத்தனார் வீட்டில் ஒன்று.

நாத்தனார் சாய் கிம் இருப்பது பினாங்கிலேயே ஆயர் ஈத்தாம் பகுதியில். வாய் கொஞ்சம் நீளம். “அதே மாவு, அதே மூட்டை. அவ கடையில ஏசி ஓடுது, பில்லு நீ கட்டுற” என்பார், என்னையும் வைத்துக்கொண்டே.

“ஏசிக்கு இல்லக்கா. கேட்டா பதில் சொல்றாங்க.”

“பதிலத்தான் வறுத்துத் தின்னப் போறியா?”

பெக் லான் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்.

போன மாதம் ஒரு பிற்பகல், தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்கப் போயிருந்தேன். பெக் லானின் போன் அடித்தது. கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். மெஷின் நின்றது.

“இல்ல, நான் திறக்கல… அது இங்க இல்ல, மிசஸ் சியா. எங்க நாத்தனார் வீட்ல இருக்கு.”

விஷயம் இதுதான். ரொட்டியில் தடவ, சூரியகாந்தி விதையை அரைத்த பசை ஒரு புட்டி மிசஸ் சியா கடையில் வாங்கியிருந்தார். வகுப்புப் பிள்ளைகளெல்லாம் கடலைப் பசை தின்பதைப் பார்த்து ஹுய் மின் ஆசைப்பட்டாளே என்று. காலையில்தான் அதை சாய் கிம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இப்போது வேறொரு வாடிக்கைக்காரர், வாசனை சரியில்லை என்று தன் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். மிசஸ் சியா நாக்கில் வைத்துப் பார்த்தால், சுத்தமான வேர்க்கடலை. தொழிற்சாலையில் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். முதல் போனே பெக் லானுக்குத்தான்.

என் பழைய காரில் கிளம்பினோம். பள்ளி விட்டுப் பிள்ளை அங்கே போயிருக்கும் நேரம், சாலை நகரவில்லை. பெக் லான் நாத்தனாருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். மணி போனது, எடுக்க ஆளில்லை. ஊசி மடியில் கிடந்தது. “அந்தப் பக்கம் ஏறுங்க” என்றார் என்னிடம். அது பேருந்துக்கான தடம். ஏறினேன்.

நடுவில் மிசஸ் சியாவே மறுபடி கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. “ஆம்புலன்ஸ்காரங்க இன்னொரு லைன்ல இருக்காங்க. வீட்டு நம்பர், மாடி, சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.” பெக் லான் சொன்னார். குரல் நடுங்கவில்லை. 

மூன்றாம் மாடிக்கு அவர் எப்படி ஏறினார் என்று நான் பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பில் மீன் பொரியும் சத்தம், புகை இழுக்கும் விசிறியின் இரைச்சல். மேசையில் ஹுய் மின் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாயோரம், ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாமான காயா ஒட்டியிருந்தது. பெக் லான் அவள் தட்டை எடுத்து முகர்ந்தார், பிறகு அவள் வாயை முகர்ந்தார். புட்டி குளிர்பெட்டியின் தலைமேல், மூடி உடைபடாமல் இருந்தது.

“கேட்டா, கேட்டுக்கிட்டே இருந்தா. நான் குடுக்கல” என்றார் சாய் கிம், கரண்டியோடு நின்றபடி. “அவ்ளோ விலை குடுத்து வாங்கினத நான் திறந்து, ஒரு கரண்டி அதிகமாத் தடவிட்டேன்னு நீ மூஞ்சியத் தூக்கினா? நீயே வந்து திறந்துக்கோன்னு மேல வெச்சுட்டேன். ஏன், என்ன ஆச்சு?”

பெக் லான் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன். சாய் கிம் போய் அடுப்பை அணைத்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அவர்கள் போனதும் ஆரம்பித்தது. “பாத்தியா? உன் பெரிய கடை. விலையையும் வாங்கிட்டு விஷத்தையும் வித்திருக்கா.”

“நீ வாங்குற கடையில யாருக்குக்கா என் பேரு தெரியும்? யாரு எனக்குப் போன் பண்ணுவா?”

“நான் திறந்திருந்தா? அவ போன் பண்ணி என்ன ஆயிருக்கும்?”

  சாய் கிம் அழுதுகொண்டே தட்டைக் கழுவினார்.

அந்த வாரம் முழுக்க பெக் லான் பேரங்காடியிலும் வாங்கவில்லை, மிசஸ் சியாவிடமும் போகவில்லை. வீட்டில் கஞ்சியும் முட்டையும்தான். சனிக்கிழமை, “வர்றீங்களா, அங்கிள்?” என்று மட்டும் கேட்டார்.

மிசஸ் சியா கல்லாவை விட்டு இறங்கி வந்தார். முகம் வாடியிருந்தது. “அந்தக் கம்பெனி சரக்கு எல்லாத்தையும் எடுத்துட்டேன். நீங்க இனிமே இங்க வரலைன்னாலும் நான் தப்பா நினைக்கமாட்டேன், பெக் லான்.”

பெக் லான் கல்லாவின்மேல் கிடந்த மிசஸ் சியாவின் போனை எடுத்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் நேரே அங்கேயும் கூப்பிடட்டும் என்று, தன் பெயருக்குக் கீழே சாய் கிம்மின் எண்ணைப் பதித்தார். பின்னால் மூன்று பேர் கூடையோடு நின்றார்கள். அவர் அந்த எண்ணை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆயர் ஈத்தாமில் யாராவது எடுக்கும்வரை அப்படியே நின்றார்.