மண்டையில் உடைந்த கீபோர்டு

எதிர்க்கடை செல்வராஜ் என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து நாசம் செய்துவிட்டான் என்று சத்தியமாக நம்பினேன். தக்கலையில் நானும் அவனும் எதிரெதிரே பிரவுசிங் சென்டர் நடத்திய காலம் அது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்த கம்ப்யூட்டரில் முந்தின நாள்தான் புது பிரவுசர் போட்டிருந்தேன். காலையில் அது திறக்காமல், ‘அனுமதி இல்லை’ என்றது. என் கடையில் எனக்கே அனுமதி இல்லையா! மதியம் துபாய்க்கு விமானம் ஏறவேண்டிய அந்தோணி, மெயிலில் வந்த விசாவை அச்செடுக்கக் காத்து நின்றார்.

நேராகப் போய்ச் செல்வராஜின் சட்டையைப் பிடித்தேன்.

“எனக்க பெட்டியில கைவச்சது நீதானல?”

“உனக்கு கிறுக்கால?” என்று கீபோர்டைப் பிடுங்கி என் மண்டையில் போட்டான். எழுத்துக் கட்டைகள் பற்களைப்போலத் தெறித்தன. நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே குத்தியதில் அவன் மூக்கு உடைந்தது.

“அடிபிடிய பொறவு வச்சுக்கிடுங்க மக்கா, எனக்க பிளைட்டு போயிரும்!” என்று என் பின்னாலேயே வந்து கத்திய அந்தோணி, செல்வராஜின் கம்ப்யூட்டரிலேயே விசாவை அச்செடுத்துக்கொண்டு ஓடினார்.

தலையில் தையலோடு திரும்பி வந்துதான் பிரவுசர் கோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்தேன். அந்தப் பெயரை மாற்ற, ஒரே கட்டளையில் சரியானது. இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், சண்டைக்குப் போவதில்லை.

முந்தின நாள் நிர்வாகியின் ரூட் கணக்கில் இருந்தபடியே பிரவுசரை முதன்முதலில் திறந்து பார்த்து, கோப்புகளை அந்தக் கணக்கின் பெயரில் ஆக்கி, மற்ற கணக்குகளுக்கு அதைப் பூட்டியவன் நான்தான்.