நாலாவது பிளக்

மகள் வவுனியாவுக்குப் போன பிறகு என் காதுக்கு வேலையில்லாமல் போயிற்று. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முட்டு வருத்தம். தேத்தண்ணீர் குடிக்கும்போதும், கந்தோரிலிருந்து கொண்டுவந்த வேலையைப் பார்க்கும்போதும், அடுத்த அறையில் அவள் மூச்சு சீராகப் போகிறதா என்று ஒரு காது அங்கேயே கிடக்கும். இப்போது அங்கே கேட்க எதுவுமில்லை. சோளகக் காற்று கிடுகு வேலிக்குள் புகுந்து கீச்சிட்டால் எழுந்து போய் அவளுடைய அறையை எட்டிப் பார்ப்பேன். கட்டிலில் மடித்துவைத்த போர்வை மட்டும் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் தேத்தண்ணீர் ஆறியிருக்கும்.

ஆவணி விடுமுறை தொடங்கியபோது நடந்தது. அடம்பனில் மனைவியின் சிநேகிதியின் புது வீட்டுக் குடிபூரலுக்கு மூவரும் எங்கள் பிக்கப்பில் போயிருந்தோம். பக்கத்து வயலில் சிறுபோக நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பின்னேரம் புறப்படும்போதே நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. இன்ஹேலரை அடித்தும் அடங்கவில்லை. நேரே மன்னார் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். தீவுக்குள் நுழையும் பாலத்து வீதியில், இரண்டு பக்கமும் கடலாக இருக்கும் இடத்தில், பட்டணத்து வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்போது, பிக்கப் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். மனைவி என்னைத் திட்டவில்லை. அவள் பிள்ளையின் முதுகைத் தடவியபடி, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பிள்ளைக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று இன்றைக்கும் தெரியாது. பின்னால் வந்த மீன் லொறி ஒன்று நின்றது. முன்சீற்றில் தாய்க்கும் பிள்ளைக்கும்தான் இடம் இருந்தது. நான் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு மேல் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. லொறியின் இரைச்சலும் காற்றும்தான் கேட்டன. முட்டு கூடியிருக்கும்போது அவளுடைய மூச்சு கேட்காத தூரத்தில், அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. பெட்டியின் ஈரம் காற்சட்டையில் ஊறியதுகூட நினைவிருக்கிறது.

மருந்து ஆவி பிடித்ததும் தெளிந்துவிட்டாள். அடுத்த நாள் காலை எழுந்திருந்து பாண் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று தொடங்கிய தாதி, என் முகத்தைப் பார்த்துவிட்டு வசனத்தை முடிக்காமல் போய்விட்டார். மனைவி அங்கிருந்தே பிள்ளையைத் தன் தமக்கை வீட்டுக்கு, வவுனியாவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். எங்கள் வீடோ ஆஸ்பத்திரிக்கு வெகு தூரத்தில், பேசாலைப் பக்கம்.

கயிறு கட்டி இழுத்துவந்த பிக்கப்பைப் பட்டணத்துக் கராஜ்காரர் பார்த்தார். பெற்றோலைப் பற்றவைக்க நெருப்புப் பொறி கொடுக்கும் பிளக்குகள் நாலும் தேய்ந்து கரி பிடித்திருக்கும், மாற்றினால் சரி என்றார். ஒன்றையும் கழற்ற வேண்டாம், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று புதுப் பிளக்குகளை மட்டும் வாங்கிக்கொண்டு, பிக்கப்பைத் திரும்பவும் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். என்னை நம்பாததில் பிழையில்லை. ஆனால் வேறொருவர் மாற்றினால், உண்மையாக மாற்றினாரா, சரியாகப் பூட்டினாரா என்று நான் ஒவ்வொரு நாளும் யோசித்துக்கொண்டிருப்பேன். என் கையால் மாற்றி, என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு அடங்கும்.

பள்ளிக்கூடம் தொடங்க முந்திய சனிக்கிழமை அவர்கள் வருவதாக இருந்தது. மகள் தொலைபேசியில், "அப்பா, பஸ் ஸ்ராண்டுக்குப் பிக்கப்பில வாங்கோ. நான் உங்களோடதான் வீட்ட வருவன்" என்றாள்.

தாய் அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கினாள். "பிளக்கை மாத்தினா என்ன, முழு எஞ்சினையே மாத்தினா என்ன, அதில இனி என்ர பிள்ளையை ஏத்தமாட்டன்."

"ஓடிக் காட்டுறன்."

"அண்டைக்கும் ஓடினதுதானே."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆனாலும் வேலை முடிந்தால், மகள் என் பக்கத்துச் சீற்றில் இருந்து வீட்டுக்கு வருவாள் என்ற நினைப்பை நான் விடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பொனற்றைத் திறந்தேன். எங்கள் பக்கத்தில் சோளக மாதங்களில் மணல் புகாத இடமில்லை. பிளக்குகள் இருக்கும் குழிகளுக்குள்ளும் மணல். அப்படியே கழற்றினால் மணல் எஞ்சினுக்குள் விழும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்மைக் கொண்டுவந்து ஒவ்வொரு குழியாக ஊதி வெளியேற்றினேன். கண் முழுவதும் மணல். முதல் பிளக் முக்கி முனகி வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான். கழற்றியவற்றை வரிசையாகச் சாக்கில் வைத்தேன். கடைசிப் பிளக், ஆள் இருக்கும் பக்கத்தை ஒட்டி உள்ளே இருப்பது, அசையவே இல்லை. கொஞ்சம் பலமாகத் திருப்பியபோது அது ஒரு கீச்சொலி போட்டது.

நான் கையை எடுத்துவிட்டேன். இரும்பு இரும்போடு உரசும் சத்தம்தான், எனக்குத் தெரியும். ஆனால் முட்டு கூடும்போது பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதும் அப்படித்தான் இருக்கும். மெல்லியதாக, உள்ளுக்குள் எதுவோ இறுகிக் கிடப்பதுபோல.

குழிக்குள் ஒயில் விட்டு ஊறவைத்தேன். திங்கள் கந்தோருக்கு பஸ்ஸில் போய் வந்து பார்த்தேன், அசையவில்லை. மேலும் ஒயில் விட்டேன். செவ்வாயும் அதே கதை. தொலைபேசியில் கேட்ட மகளிடமும், கடைசிப் பிளக் வருகுதில்லை என்று சொன்னேன். பிளக் உடைந்து உள்ளே தங்கினால் எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டிவரும், அதற்கு வாரக்கணக்காகும் என்று கராஜ்காரர் எச்சரித்திருந்தார். சனிக்கிழமை போய்விடும். ஆகவே திருப்புவதும், கீச்சிட்டால் விடுவதுமாக இருந்தேன். அந்த நாட்களில் வாய் திறந்து நான் பேசியது அநேகமாக அந்தப் பிளக்கோடுதான்.

புதன்கிழமை பின்னேரம் மனைவியின் தம்பி வந்தான். கடற்றொழில்காரன். கையில் ஒரு பை சூடை மீன்.

"என்ன அத்தான், கழுதைக்குச் சாப்பாடு போட்டு வளக்கிறியளோ?"

திரும்பிப் பார்த்தேன். படலையைத் தள்ளிக்கொண்டு வந்த கழுதை ஒன்று புதுப் பிளக்குகளின் மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. நல்ல வேளை, பிளக்குகள் என் சட்டைப்பையில் இருந்தன. அவன் அதைத் துரத்திவிட்டு வந்து எஞ்சினுக்குள் குனிந்தான்.

"இது ஏன் இன்னும் உள்ள கிடக்குது?"

"வருகுதில்லை."

"வராது. நானெல்லோ பூட்டினனான்" என்று சிரித்தான். "தள்ளுங்கோ. ஒரு பைப்புத் துண்டு தாங்கோ, ஒரே இழுவையில எடுத்துத் தாறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சில வருடங்களுக்கு முன் இந்தப் பிளக்குகளைப் பூட்டித் தந்தவன் அவன். எங்கள் கரையில் போட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பிளக்கை அப்படித்தான் பூட்டுவார்கள். ஸ்பனரால் இறுக்கி, அதன் பிடியில் பைப்பைச் செருகி இன்னும் ஒரு இழுவை. அலை அடித்துப் பிளக் தளர்ந்தால் நடுக்கடலில் துடுப்புத்தான் கதி. கடலுக்குப் போய்வந்ததும் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டுவதால் எவ்வளவு இறுக்கினாலும் போட் எஞ்சினில் அது இறுகிப்போவதில்லை. என் பிக்கப்பிலோ இறுக்கினது இறுக்கினபடி, வருடக்கணக்காக, உப்புக் காற்றோடு கிடந்துவிட்டது.

"பைப் வேண்டாம். உடைஞ்சிடும்."

"உடைஞ்சா உடைஞ்சது. இப்ப மட்டும் என்ன ஓடுதோ?"

"சனிக்கிழமை பிள்ளை வாறாள்."

அவன் பைப்பைத் தேடுவதை விட்டுவிட்டான்.

"அக்கா ஏத்தமாட்டாவாம் எண்டு சொன்னவா."

"ஓம்."

"எனக்கும்தான் பேச்சு. நீ பூட்டின லட்சணம் எண்டு." மண்ணில் துப்பினான். "சொல்லுங்கோ, என்ன செய்யிற?"

புதுப் பிளக்குகள் மூன்றையும் பூட்டி, பழையதோடேயே எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். அது நொண்டி நொண்டி ஓடிற்று. இலேசாகச் சூடேறியதும் நிறுத்தி, திரும்பவும் ஒயில் விட்டு, மீன் பொரித்துச் சாப்பிட்டு வந்தோம். வீட்டில் இரண்டு கோப்பைகள் கழுவப்பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். பிறகு நான் ஸ்பனரைப் பிடித்தேன். அவன் ரோச் அடித்தான். ஒரு சொட்டுத் திருப்புவது, திரும்ப உள்ளே விடுவது, ஒயில் விடுவது. கீச்சிட்டால் நிறுத்துவது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், இது பிள்ளைப்பேறு பாக்கிற மாதிரியெல்லோ இருக்கு."

"பேசாமல் வெளிச்சத்தைப் பிடி."

மறுமுறை திருப்பியபோது சத்தமில்லாமல் சுழன்றது. பிறகு விரலாலேயே கழற்ற முடிந்தது. வெளியே எடுத்தால் நுனி முழுக்கக் கரி. அவன் அதை வாங்கி ரோச் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"போட்டில எண்டா இதை எப்பவோ கடலுக்குள்ள எறிஞ்சிருப்பன்" என்றான். சிரிக்கவில்லை.

புதியதைக் கையால் சுழற்றி உட்காரவைத்து, ஸ்பனரால் ஒரு சின்ன இழுவை இழுத்தேன். அவனுடைய கை தானாகப் பைப்பைத் தேடியது.

"இன்னும் ஒண்டு?"

"போதும்."

"காத்துக்கே கழண்டிடும், பாருங்கோ."

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பற்றிக்கொண்டது. குலுக்கமில்லை, நொண்டலில்லை. அவன் பொனற்றில் தட்டிவிட்டு, மீன் கொண்டுவந்த பையை உதறிக்கொண்டு போனான். அவன் போன பிறகும் நான் எஞ்சினை நிறுத்தாமல் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

வியாழனும் வெள்ளியும் வேலை முடிந்ததும் தனியாகப் பாலத்துக்குப் போய்த் திரும்பினேன். அன்றைக்கு நின்ற இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்துப் பார்ப்பதுதான் நோக்கம். விரல் சாவியில் இருந்தது. அணைக்க மனம் வரவில்லை. காற்று கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீற்றில் ஒருவருமில்லை என்பது அங்கே வைத்துத்தான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு நாளும் அணைக்காமலே திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை பஸ் வர வெகு நேரம் முன்னதாகவே போய் நின்றேன். பிக்கப்பைக் கழுவியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய மகள் முதலில் என்னிடமும், அடுத்து நேரே முன்கதவுக்கும் ஓடினாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. மூச்சு சீராக இருந்தது. எட்ட வரும்போதே அதைக் கேட்டுவிட்டேன்.

"நாலும் மாத்தினீங்களா, அப்பா?"

"நாலும்."

"அந்தக் கடைசி?"

"அதுவும் வந்திட்டுது."

மனைவி பெட்டியோடு வந்து நின்றாள். ஒரு கையில் பெட்டி. மற்றக் கைக்குள் இன்ஹேலர். வவுனியாவிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மூடியின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்திருந்தது. அவள் பிக்கப்பைப் பார்த்தாள். கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று நான் பதில்களோடு நின்றேன்.

"எனக்கு இன்னும் ஏலாதப்பா" என்றாள். "ஓட்டோவில வாறம். பெட்டியை நீங்கள் கொண்டு வாங்கோ."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாதாடினால் அவள் என் பக்கம் நிற்பாள், அது எனக்குத் தெரியும். "அம்மாவோட போ, குஞ்சு. நான் பின்னால வாறன்" என்றேன்.

மகளுக்குரிய சீற்றில் பெட்டி இருந்தது. வீதி முழுவதும் ஓட்டோவுக்குப் பின்னால் அதே வேகத்தில் ஓட்டினேன். பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாக அவள் இடைக்கிடை திரும்பிக் கையசைத்தாள். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கவில்லை. எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனேன். அது எங்கேயும் தடுமாறவில்லை.

படலையடியில் ஓட்டோ திரும்பிப் போக வழிவிட்டு, உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். மகள் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பி ஸ்ராட் பண்ணுங்கோ பாப்பம்."

மனைவி படியேறிக்கொண்டிருந்தவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டது. அவள் இன்னும் கொஞ்ச நேரம், அது ஓடுவதைக் கேட்டபடி நின்றுவிட்டு, உள்ளே போனாள்.