அந்தப் பெட்டி தானாக வாசிக்காது

பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நம் கிதார்காரர் ஞானதுரையின் மனைவி போனில் அழைத்தார். "அண்ணாச்சி, அவிய போயிட்டாவ" என்றார். கையிலிருந்த வயரை நான் சுருட்டி முடிக்கவில்லை. அது இன்னும் அப்படியே வேனில் கிடக்கிறது.

அடுத்த ஞாயிறு நம் இசைக்குழு இரங்கல் கூட்டம் நடத்தியது. குழுத் தலைவர் எழுந்து, "பாதிதானுங்க அவரு வாசிப்பாரு. மீதிய அந்தப் பொட்டி பாத்துக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொய்க்குச் சிரிக்கக் கூடாது.

நான் யாரிடமும் படித்தவனல்ல. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்து மைக் செட் வேலை கற்றவன். எந்தப் பெட்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தலைவர் சொன்ன பெட்டி டிலே பெடல், கிதார் வாசிப்பவரின் காலடியில் இருக்கும் சிறு கருவி. மீட்டிய சுரத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும். எவ்வளவு தாமதம், எத்தனை முறை என்பதற்குக் குமிழ்கள் உண்டு. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஞானதுரை தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். வட்டமாகச் சுற்றும் அந்த மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் விட்டுப்போய், துணி நெடுகக் கோடு விழும். "சுரம் தப்பிச்சின்னா இந்தப் பெடல் அதையே மூணு தடவ சொல்லிக் காட்டும் அண்ணாச்சி. ஊசி ஒடஞ்ச துணி மாதிரி. மறைக்க முடியாது" என்பார். திரும்பி வரும் சுரத்தின்மேல் அடுத்த சுரத்தை வைத்து, ஒற்றைக் கிதாரில் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல வாசிப்பார். சில இடங்களில் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் பாதி வாசிப்பு என்கிறீர்கள்.

மின்வெட்டு அன்றாடமாக இருந்த வருடம், தொழிலாளர் விழா ஒன்றில் பாட்டின் முடிவில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் குனிந்து தாமதக் குமிழைத் திருகினார். திரும்பி வந்த சுரங்கள் இழுபட்டு, தாழ்ந்து, அடங்கின. கரன்ட் போனதும் மெஷின்கள் வரிசையாக ஓய்ந்து நிற்கும் அதே சத்தம். ஷிப்டில் கூவுவது போலவே கூட்டம் "கரன்ட் போச்சேய்" என்று கூவியது. நானும் ஜெனரேட்டருக்கு ஓடினேன். கயிற்றை இழுத்து அது கிளம்பிய பிறகுதான் தலைக்குமேல் சீரியல் பல்புகள் எரிவதைப் பார்த்தேன்.

"ஏப்பா, நான் ஓடோணும்னே வாசிச்சியா?" என்று சண்டைக்குப் போனேன்.

"லைட்டு எரியுதே, பாக்கலையா அண்ணாச்சி? கண்ண வுட்டுட்டுக் காத நம்புதிய. எனக்கு அது போதும்" என்றார்.

இதைத்தான் தலைவர் பெட்டி பழுதான கதையாக இரங்கல் கூட்டத்தில் சொன்னார். பழுதில்லை. கரன்ட் போகும் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது, மெஷின்கள் நிற்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவர் அவர். குமிழை எங்கிருந்து எதுவரை திருக வேண்டும் என்று, துணிக்குக் குறிபோடும் மார்க்கரால் பெட்டியில் கோடு போட்டுவைத்திருந்தார்.

அந்தப் பெட்டியை அவர் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். கோடுகள் அழியவில்லை. குமிழ்கள் அவர் விட்ட இடத்தில் இருக்கின்றன. குழுவுக்கு வேண்டுமென்று இரண்டு முறை ஆள் வந்தது. தர மாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு நானே எடுத்து வருகிறேன். என் ஒலிபெருக்கியில் இணைத்து, சத்தத்தை முழுதும் கூட்டி, மேசைமேல் வைக்கிறேன். கிதார் இருக்காது. மீதியை அதுவே வாசிக்குமாம். உட்கார்ந்து கேட்போம்.