காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போனவர்

சிவப்பு மையில் நான் கோடு போட்ட ஒரு பெயர் இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. ஐரோப்பாக் கண்டம் முழுக்கத் தேர்தல் முடிந்து, இனி ஜனநாயகம் என்னவாகும் என்று நேற்றுத் தொலைக்காட்சியில் நாலு பேர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எத்தனை இடம் என்பதே பேச்சு. பெட்டிக்குள் விழுந்த சீட்டு யாருடையது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! எனக்கு எரிச்சலாக வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வாக்காளருக்குப் படம் போட்ட அட்டை வராத காலம். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எனக்கு முதல் தேர்தல் வேலை. பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிப்பேன். இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் "சரி" என்றால் பெயருக்குக் கீழே கோடு போடுவேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு தகராறுகூட வரவில்லை. எவ்வளவு நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி!

மத்தியானம் பீடி சுற்றும் பெண் ஒருத்தி வந்தாள். அவள் பெயருக்கு மேல் வரியில் கணவர் பெயர், கோடு போட்டபடி. என் வாய் சும்மா இருந்ததா? "உங்க வீட்டுக்காரர் காலையிலேயே போட்டுட்டுப் போயிட்டாரு, நீங்க இப்படி ஆடி அசைஞ்சு வாறீங்களே" என்றேன்.

ஏஜெண்டுகள் இருவரும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரவுகளா? இங்கன வந்தாகளா? மெலிஞ்சு போயிருந்தாகளா, டீச்சர்?" பம்பாய்க்கு வேலைக்குப் போய் நாலு வருஷமாகக் கடிதாசி இல்லாத மனுஷன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் பதில் சொல்லுமுன், ஓட்டும் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

தலைமை அலுவலர் என் காதருகே குனிந்தார். வெளியூரில் இருப்பவர்கள் ஓட்டு வீணாகக் கூடாதென்று இரண்டு கட்சியும் பாதிப் பாதியாகப் பங்கிட்டு ஆள் வைத்துப் போட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கமாம். "வாயத் தெறக்காதீங்க டீச்சர். பூத்து ரத்தாயிரும், நம்ம வேலையும் போயிரும்." நான் திறக்கவில்லை. சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்கும்போது, வாய்க்கால் பக்கமிருந்து அவள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போவது கேட்டது. அப்போதாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கிறது.

அடுத்த தேர்தலில் அதே பள்ளிக்கு வேலைக்குப் போய்வந்த வாத்தியார் ஒருவரிடம் மெதுவாக விசாரித்தேன். அவள் கணவர் ஓட்டு விழுந்ததா?

"அது காலையிலேயே விழுந்தாச்சு" என்றார். "அந்தப் பொம்பளதான் விடிஞ்சதுலேருந்து வாசல்ல நின்னுக்கிட்டு, வாற ஆம்பளைங்க முகத்தையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டிருந்தா. 'உள்ள வந்து ஓட்டப் போடும்மா'ன்னேன். 'அவுக வரட்டும், சேந்து போடுதோம்'னுட்டா."